நனைந்த அட்டை வாடை

நான் பீர் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். முதல் ஒன்பது வருஷம் டாங்க் கழுவினேன். உள்ளே இறங்கி, அடியில் படிந்து கிடக்கும் செத்த ஈஸ்ட்டைச் சுரண்டி வெளியே தள்ள வேண்டும். அப்புறம் நாக்கு அறைக்கு மாற்றினார்கள். படித்தவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள், எங்களுக்கு அது நாக்கு அறை. ஐந்து பேர், நடுவே தடுப்புப் பலகை. ஒவ்வொரு டாங்க் சரக்கையும் வாயில் விட்டுப் பார்த்து, குறை இருந்தால் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். மற்ற நாலு பேரும் காலேஜ். நான் ஆறாம் கிளாஸ். ஆனால் என் நாக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. மனுஷனில் யாரையும் நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் நாக்கை நம்பினேன்.

அந்த அறையில் ஒரே சட்டம்தான். வாயைத் திறக்கக் கூடாது. கடைசி ஆள் சீட்டைக் கவிழ்க்கிற வரைக்கும் மூஞ்சியைக்கூடச் சுளிக்கக் கூடாது. ஒருத்தன் 'வெண்ணெய்' என்று முணுமுணுத்தால் போதும், அடுத்த நிமிஷம் ஐந்து வாயிலும் வெண்ணெய் வாடை இருக்கும். சரக்கில் இல்லாவிட்டாலும் இருக்கும். பத்தொன்பது வருஷம் நான் அந்தச் சட்டத்தை மீறவில்லை. ரிட்டயர் ஆன பிறகு, தங்கச்சி வீட்டில் மீறினேன்.

தங்கச்சி புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஆளுக்கு பீர் என்றால் உயிர். வேலை முடிந்து, கையில் கிரீஸ் போகாமலே முதல் டம்ளரைத் தூக்குவார். நான் சும்மா இருக்க மாட்டேன்.

"மாப்ள, ஈஸ்ட்டுங்கிறது ஒரு கிருமி. அது சக்கரையத் தின்னுட்டு வெளிய விடுறதத்தான் நீங்க குடிக்கிறீங்க."

"நல்லாத்தான் விட்டிருக்கு மச்சான். இன்னொண்ணு ஊத்துங்க."

டாங்குக்கு அடியில் கிடக்கிற சேற்றைப் பற்றியும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பையை உலர்த்திப் பொடியாக்கிப் போட்டு பீரைத் தெளிய வைப்பார்கள் என்றும் சொன்னேன். "தொட்டுக்க மீனும் உள்ளயே இருக்கா, வசதியாப் போச்சு" என்றார். எதுவும் அந்த ஆளைத் தொடாது. ஒரு தடவை என்னிடம் கேட்டார்: "நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். எந்தக் கட்டடத்துல கயிறு எத்தன இழை அறுந்திருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்காக ஆறாவது மாடிக்கு நடந்தா போறேன்?"

அவர் நடக்கவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து நான்தான் நடக்கிறேன். பதினேழு வருஷமாக லிஃப்டில் கால் வைத்ததில்லை. அவர்கள் வீடு நாலாவது மாடி.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் கட்டி. கட்டி கரைய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். கட்டி போகவில்லை, ருசி போயிற்று. பால் சுண்ணாம்புத் தண்ணி என்றார், சர்க்கரை மணல் என்றார். சூப்பை நாலு ஸ்பூனுக்கு மேல் தொட மாட்டார். டாக்டர் தங்கச்சியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ஆசைப்பட்டதைக் கொடுங்கள், இனிமேல் தடுத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டார். அவள் அன்றைக்கே அரை டம்ளர் பீர் ஊற்றிக் கொடுத்தாள். கசப்பு மட்டும் அந்த நாக்கில் உயிரோடு இருந்திருக்கிறது. குடித்துவிட்டு அழுதாராம்.

அதிலிருந்து தினம் சாயங்காலம் நாலு மணிக்கு அரை டம்ளர். மூன்றரைக்கே எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். குடித்த தெம்பில் கொஞ்சம் சூப்பும் இறங்கும். "அந்த ஒரு மணி நேரம்தாண்ணே எனக்கு அவரு புருஷனா இருக்காரு, மிச்ச நேரமெல்லாம் நோயாளி" என்றாள் தங்கச்சி.

ஒரு வியாழக்கிழமை நான் போயிருந்தேன். பாட்டில் தெருமுனைக் கடையில் வாங்கியது. அந்தக் கடைக்காரன் மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம். வெயில் காய்கிற சுவரோரம் மாசக்கணக்கில் பெட்டிகளை அடுக்கி வைக்கிறவன். மாப்பிள்ளை பாதி குடித்திருந்தார். நான் அந்த டம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன்.

"பழைய சரக்கு. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்குது. ஏமாத்திட்டான்."

கடைக்காரனைத்தான் திட்டினேன். அதற்குள் சொல் வாயை விட்டுப் போய்விட்டது. அவர் டம்ளரைத் திரும்ப வாங்கி மோந்தார். குடித்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

"ஆமா மச்சான். அட்டை."

மீன் பைக்கும் கிருமிக்கும் அசையாத ஆள். அதெல்லாம் காதோடு போன சங்கதி. இது மூக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் தங்கச்சி வேறு கடையில் வாங்கினாள். அட்டை என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வேறு கம்பெனி பாட்டில் கொண்டுவந்தார். அதிலும் அட்டை. ஆறாம் நாள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சூப்பும் நின்றது.

தங்கச்சி போனில் கத்தவில்லை. "அண்ணே, அவருக்கு இருந்ததே அது ஒண்ணு. அதுலயும் வந்து மோந்து பாக்கணுமா நீ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நான் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் இப்போது இருக்கிறவனுக்கு என்னைத் தெரியாது. பேக்கிங் ஃபோர்மேனைக் கூப்பிடச் சொல்லி, முந்தா நாள் அடைத்த சரக்கில் ரெண்டு பாட்டில் கேட்டு வாங்கினேன். ஒன்றை அங்கேயே திறந்து ஒரு மடக்கு பார்த்தேன். சுத்தம். இன்னொன்றை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு நாலு மாடி ஏறினேன்.

நாக்கு அறையில் செய்கிற மாதிரியே செய்தேன். சமையலறையில் மறைவாக மூன்று டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். சீட்டு மூன்று, பென்சில் ஒன்று.

"மாப்ள, மூணையும் குடிச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் குறை இருந்தா என்னன்னு சீட்டுல எழுதிக் கவுத்து வைங்க. யாரும் பேசக் கூடாது."

"எனக்கும் நாக்கு அறையில வேல போட்டுக் குடுத்துட்டீங்களா?" ஒவ்வொன்றாகக் குடித்தார். ஒவ்வொன்றுக்கும் தண்ணீரால் வாய் கொப்பளித்தார். எழுதினார். மூன்று சீட்டையும் புரட்டினேன். அட்டை, அட்டை, அட்டை.

"மூணும் ஒரே பாட்டில்தான் மாப்ள. முந்தா நாள் அடைச்சது. அதுல ஒரு குறையும் இல்ல. நீங்களா நெனச்சுக்கிறது."

இதைச் சொன்னால் தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அவர் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "அப்ப வாடை என் மூக்குக்குள்ள இருக்குங்கிறீங்க. முன்னாடி கடைய மாத்திப் பாக்கலாம்னு ஒரு வழி இருந்துச்சு. இப்ப மூக்கையா மாத்த முடியும்?"

தங்கச்சி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்குச் சொன்னேன்.

"அன்னிக்குக்கூட அந்தச் சரக்குல ஒண்ணுமில்ல மாப்ள. கடைக்காரன் மேல கடுப்புல சும்மா சொன்னேன்."

அவர் சிரித்தார், சத்தம் வராத சிரிப்பு. "என் கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா மூஞ்சிக்கு நேரா, சாப்பாட்டுல உப்பில்லன்னு சொன்ன ஆளு நீங்க. நாப்பது வருஷத்துல உங்க வாயில ஒரு பொய் கேட்டதில்ல. இப்ப மட்டும் எப்படி நம்புறது?"

"நம்புங்களேன்."

"நம்பணும்னு ஆசைதான்." டம்ளர்களைக் கண்ணால் காட்டினார். "எடுத்துட்டுப் போயிருங்க மச்சான். வாடை தாங்கல."

பிறகு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் படுத்தார். மணி நாலே கால்.

தங்கச்சி மூன்று டம்ளரையும் தொட்டியில் கொட்டினாள். பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைத் துணியோடு என் கையில் கொடுத்து, "முட்டி வலியோட எறங்காத, லிஃப்ட்ல போ" என்றாள். தலையாட்டிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனேன்.

ரெண்டாவது மாடித் திருப்பத்தில் முட்டி மடங்க மறுத்தது. படியில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தேன். நல்ல சரக்கு. கசப்பு இருந்தது, வறுத்த தானிய வாசம் இருந்தது. அட்டை இல்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு மடக்கு. இல்லை. கண்ணை மூடி, நாக்கின் ஓரத்தில் நிறுத்தி, வேண்டுமென்றே தேடினேன்.

இருந்தது. மழையில் நனைந்து காய்ந்த பெட்டி மாதிரி, அடியில், லேசாக.

சரக்கில் இருந்ததா, அவர் சீட்டில் எழுதியது என் வாய்க்கு வந்ததா, எனக்குத் தெரியவில்லை. எத்தனை முறை வாயில் விட்டுப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. பாட்டில் காலியானதும் அதைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து மிச்சப் படிகளை இறங்கினேன்.