சோதனை அறை

சோலைராஜுக்கு மணியாச்சியில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. மனைவி அழகுத்தாயை எங்காவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரம் சாலையில் புதிதாகத் திறந்திருந்த நாணய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் செப்புக்காசு அடித்த கட்டடம். நெடுங்காலம் பூட்டிக் கிடந்ததை வெள்ளையடித்து, கண்ணாடிப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். சுற்றிலும் கரிசல் காடு, மழையில் ஊறிக் களியாகக் கிடந்தது.

காசு அடிக்கும் ஆளுயரத் திருகு இயந்திரத்தைத் தட்டிப் பார்த்து, "இப்படி இரும்பு இப்ப எங்க வருது" என்றார் சோலைராஜ். பிறகு முன்னால் நடந்தார். தராசு பொறித்த காசு ஒன்றைப் பார்த்துவிட்டு அழகுத்தாய் பின்னாலேயே போனாள். வெளியே போகும் வழி, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை வழியாக. அங்கே சோலைராஜ் சுவரைப் பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு தனியாக நின்றார்.

"என்ன செய்யுதீங்க?"

அவர் வாயை மூடினார். "சோதனை போடுதாங்கல்லா. இந்தாளு வாயத் தொறக்கச் சொன்னாரு. வெரல உள்ள விட்டுப் பாத்தாரு. வேசம் நல்லாத்தான் போட்டிருக்காங்க."

"எந்த ஆளு?"

சோலைராஜ் திரும்பினார். அறையில் யாரும் இல்லை. ஒரு கதவில் அழகுத்தாய் நின்றாள். இன்னொன்று காட்டைப் பார்க்கத் திறந்து கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாக்கில் செம்பு வைத்தது போலிருக்கிறது என்றார். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில், வயிற்றுக்குள் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி.

"காசு எதுவும் முழுங்கினீங்களா அண்ணாச்சி?" டாக்டர் கேட்டார்.

"நான் என்ன சின்னப்பிள்ளையா சார்?"

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி எடுத்தார்கள். புள்ளி அசையவே இல்லை. சோலைராஜின் உதடு வெளுத்திருந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டு எடுக்கலாம், சாயங்காலம் கிளம்புங்கள் என்றார் டாக்டர். அழகுத்தாய் தங்கச்சியைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு எட்டயபுரம் பஸ் ஏறினாள்.

அருங்காட்சியகத்தில் டிக்கெட் கொடுக்கிற சுதாராணி, அவள் சொன்னதைக் கேட்டு எழுந்துவிட்டாள்.

"அந்த ரூமுக்கு நாங்க யாரையும் போடல அக்கா. ஆனா போன வாரம் ஒரு பெரியவரும் கேட்டாரு. யாரு அந்த ஆளு, கையை விரிக்கச் சொன்னாருன்னு. விரிக்க மாட்டேன்னுட்டு வந்துட்டாராம்."

"அங்கன என்னம்மா நடந்துச்சு?"

சுதாராணி சுவரில் மாட்டியிருந்த ஆங்கிலப் பலகையைப் படித்துச் சொன்னாள். வேலை முடிந்து போகிறவர்களை அந்த அறையில்தான் சோதிப்பார்கள். மாடக்கண்ணு என்கிற கூலிக்காரன் காசை விழுங்கிவிட்டான் என்று சந்தேகப்பட்டு, விளக்கெண்ணெய் கொடுத்து அங்கேயே அடைத்து வைத்தார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனான்.

"காசு வந்துச்சாமா?"

"அது போடல அக்கா."

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று அழகுத்தாய் விரல் மடக்கினாள். சுதாராணி கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாமென்று தனியாக உள்ளே போனாள்.

அறை குளிர்ந்து கிடந்தது. யாரோ வாயால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவள் தன் மூச்சைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை.

அவள் பேசினாள். "மாடக்கண்ணு அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு ஒண்ணும் செய்யல. சோதனைக்குப் பயந்து அவரு வாய்க்குள்ள ஒளிச்சு வச்சத எடுத்துக்கிடுங்க. இனி யாரும் உங்களச் சோதிக்க மாட்டாவ. அவியள்லாம் செத்துப்போயி எத்தனையோ காலமாச்சு. கதவு தொறந்துதான் கெடக்கு. வீட்டுக்குப் போங்க."

மூச்சு நின்றது. ஈரத் துணி உரசியதுபோல் அவள் தோளில் ஏதோ பட்டு விலகிப் போனது. அவள் அது போன பக்கமே நடந்தாள். வாசலுக்கு வந்து பார்த்தபோது, படிக்கட்டின் கீழ் கரிசல் களியில் ஒரு ஆளின் கால் தடம் தொடங்கியிருந்தது. வெறுங்கால். காட்டுக்குள் நேராக வடக்கே போனது, திரும்பி வரவில்லை. தடங்களில் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சோலைராஜ் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்கு அனுப்புமுன் எடுத்த படத்தில் புள்ளி இல்லை. டாக்டர் மூன்று படங்களையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மிஷினில் கோளாறாக இருக்கும் என்றார். அவர் முகத்தில் அந்த நம்பிக்கை இல்லை.

மறுநாள் ஊருக்குப் போகிற பஸ்ஸில் சோலைராஜ் மெதுவாகச் சொன்னார். "ஏட்டி, அந்தாளு எப்படி இருந்தாருன்னு நீ கேக்கவே இல்லயே."

"சொல்லாதீங்க" என்றாள் அழகுத்தாய். அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.