உட்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

ரஜிதனுக்கு நீதிமன்றம் மூன்று வருடச் சிறை விதித்த அன்று பின்னேரம், ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டில் அவன் மனைவி பிரபாலினி இருந்த இரண்டாம் மாடி வீட்டுக் கதவின் உட்பக்கக் கைப்பிடி மறைந்துபோனது. சாவித் துவாரமும் இல்லை. வெளிப்பக்கம் எல்லாம் இருந்தபடியே இருந்தன. கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் வந்து புதிதாக ஒன்று பூட்டினார். அவர் படி இறங்கி முடிக்குமுன் அதுவும் போயிற்று. பாவனையால் வந்த தேய்மானம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. போலந்து எல்லையால் ஆட்களை ஒளித்து ஏற்றிவந்தவன் ரஜிதன், கதவு அடைத்ததோ பிரபாலினியை. அதைப் பற்றி நிர்வாகம் ஒன்றும் சொல்லவில்லை.

புருஷன் கனடாவுக்குத் தமையனிடம் போய்விட்டார் என்று பிரபாலினி கோயிலில் சொல்லிவைத்திருந்ததால் தமிழர் யாரையும் கூப்பிட முடியவில்லை. வெளியே போக வேண்டிய நாட்களில் சாவியைக் காலுறைக்குள் முடிந்து பல்கனியால் கீழே போடுவாள். தபால்காரி மேலே வந்து திறந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவாள். ஆனால் ரஜிதனைச் சிறையில் பார்க்க நேரம் குறித்துத் தந்த முதல் டெர்மின் ஞாயிற்றுக்கிழமை, தபால்காரி வராத நாள். தொலைபேசியில் ரஜிதனின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. போகாவிட்டால் அவன் அடியோடு வாயை மூடிவிடுவான் என்று பயந்தாள். அன்று கீழே தெருவில் போய்க்கொண்டிருந்தவர் கோயிலில் பழக்கமான கமலாம்பிகை அக்கா மட்டும்தான். அவர் காதில் விழுந்தது பொழுதுபடுமுன் பெர்லின் வரை போய்விடும். பிரபாலினி கண்ணை மூடிக்கொண்டு காலுறையைக் கீழே போட்டாள்.

கதவைத் திறந்த கமலாம்பிகை, அவள் கையிலிருந்த, சிறைக்குள் கொண்டுபோக விடும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையையும் அதற்குள் இருந்த சில்லறையையும் பார்த்தார்.

"அங்கத்தைக் கோப்பி மெசின் இரண்டு யூரோக் குத்தி எடுக்காது, பிள்ளை. ஒரு யூரோவாய்க் கொண்டுபோம்."

லண்டனில் படிப்பதாகச் சொல்லப்பட்ட அவர் மகன் பிருந்தன் அதே சிறையில்தான் இருந்தானாம்.

"எங்கடை கதவிலை இன்னும் கைப்பிடி வரேல்லை. பக்கத்து வீட்டு அன்ரனிற்றாதான் திறந்து விடுறவ," என்றார். பிரபாலினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அன்றிலிருந்து சாவி கமலாம்பிகையிடம் இருந்தது.

நன்னடத்தையால் இரண்டு வருடத்தில் ரஜிதன் வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலை குளித்து, சட்டை போட்டு, கதவடியில் போய் நின்றான். கைப்பிடி இல்லாதது அவனுக்கு வித்தியாசமாகவே படவில்லை.

"எத்தினை மணிக்குத் திறப்பினம்?"

"ஏழு மணிக்கு. கமலாம்பிகையக்கா வருவா."

அதன்பிறகுதான் அவன் கதவைத் தடவிப் பார்த்தான்.

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

"உங்களை உள்ளை போட்ட நாளிலை இருந்து."

தான் பட்ட பாட்டைச் சொல்லவென்று அவன் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தான். அதை விட்டுவிட்டு அவளின் வேலைப் பையை எடுத்துக் கொடுத்தான். ஏழு மணிக்குக் கதவு திறந்தது. ரஜிதன் சுவரோடு ஒதுங்கினான்.

"நீர் முதல் போம்," என்றான். பிரபாலினி வேலைக்குப் போனாள்.