வடக்கு குறிக்காத கல்

ஒன்பது கோடி ஆண்டுப் பழைய சுண்ணாம்புப் பாறையில் லிப்ட் மெக்கானிக்கின் மனைவியுடைய இடது பாதத்தின் தடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிடைத்தது. சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. குதிகாலில் கண்ணாடி குத்திய பிறைத் தழும்பு. இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. அவள் வீட்டைவிட்டுப் போய்ப் பதினோரு வருடமாகியிருந்தது. கட்டிலடி, சமையல் மேடை, குளியலறை ஜன்னல் என்று அவர் குவாரியில் பொறுக்கிவந்த நத்தைக் கற்களும் மீன்முள் கற்களும் ஏறாத இடமில்லை. "ஒண்ணு இந்த வீட்ல கல்லு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்றாள் ஒருநாள். அவர் ஒரு கல்சிப்பியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தபடியே, "இதோ முடிஞ்சிடுச்சு," என்றார். நிமிர்ந்தபோது ஆள் இல்லை, செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா, யாருடனோ போய்விட்டாள் என்றது ஊர். அவர் தேடாத இடமில்லை.

கல்லைத் துணியில் சுற்றி, இரண்டு பஸ் மாறி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனார். பொதுமக்கள் கொண்டுவரும் கல்லுக்குப் பெயர் சொல்ல அங்கே புதன்கிழமைதோறும் ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பார். பாதிப்பேர் கொண்டுவருவது சிமென்ட் கட்டி என்பதால் முகத்தில் எதையும் காட்டாத பழக்கம் அவருக்கு. பூதக்கண்ணாடியில் பார்த்தார், நாடாவால் அளந்தார், சீட்டில் எழுதினார்: மனிதப் பாதம், பெண், இடது, வயது ஐம்பதுக்குள், குதிகாலை அழுத்தி நடப்பவர். அதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரிந்ததுதான். தன் ஊருக்கே வந்துவிடச் சொல்லி மூன்று வருடமாக நச்சரிக்கும் மகள், வீட்டை வாங்க ஆளும் பார்த்துவிட்டாள். மனைவி போய்க்கொண்டிருந்தால் விற்றுவிடலாம். வந்துகொண்டிருந்தால்? அதைத்தான் கேட்டார். பெயர்ப்பதற்குமுன் கல்லில் வடக்குக் குறி போட்டீர்களா, விரல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்றார் அம்மாள். போடவில்லை. முப்பது வருடமாகக் கல் பொறுக்குகிறவர், கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பைச் செய்திருந்தார். தழும்பைக் கண்டதும் உளியை வைத்துப் பெயர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டுவிட்டார். திரும்பும் பஸ்ஸில் அவருக்கு அழுகை வந்தது. இருந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கிடைத்தபோது திசையைப் பார்க்கவில்லை.

குவாரியில் போய்ப் பார்த்தால், பெயர்த்த குழியின் ஓரமெல்லாம் நொறுங்கிப்போயிருந்தது. கல்லை எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தியது. ஞாயிறு என்றில்லாமல் தினமும் குவாரிக்குப் போனார். எட்டாவது மாதம், ஓர் எட்டு தள்ளி, அரைச் சாண் மேலிருந்த அடுக்கில் வலது பாதம் கிடைத்தது. உளியைத் தூர எறிந்துவிட்டு முதலில் திசைகாட்டியை வைத்தார், சாக்கட்டியால் அம்பு போட்டார். ஐந்து விரலும் வீட்டுப் பக்கம் பார்த்திருந்தன. மண்ணில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார்.

அடுத்த புதன்கிழமை அருங்காட்சியகத்து அம்மாள் சீட்டில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தக் குவாரியில் அரைச் சாண் சுண்ணாம்பு படிய நாலாயிரத்து ஐந்நூறு வருடம்; ஆக, ஓர் எட்டுக்கு அவ்வளவு. வீடு பதினான்கு கிலோமீட்டர், ஏறக்குறைய இருபதாயிரம் எட்டு. பெருக்கினால் ஒன்பது கோடி.

"அப்ப இந்நேரம் வந்திருக்கணுமே," என்றார் அவர்.

"வந்துகிட்டுதான் இருப்பாங்க. இருபது லட்சம் வருஷம் முன்னபின்ன ஆகலாம், பாறைக் கணக்குல அது சகஜம்," என்று சொல்லிவிட்டு அம்மாள் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று மாலையே மகளுக்குப் போன் செய்து, வீடு விற்பனைக்கில்லை என்றார். காரணத்தையும் சீட்டைப் பார்த்து ஒரு வரி விடாமல் படித்தார். மகள் மட்டும் அம்மாவுக்காக ஏங்காதவளா?

"வந்ததும் எங்க போயிருந்தேன்னு கேட்டுடாதீங்கப்பா," என்றாள் எல்லாம் கேட்டுவிட்டு. "அவ்வளவு தூரம் வெறுங்காலோட நடந்து வர்றாங்க."

கேட்கமாட்டேன் என்றார் அவர்.