கைமடிப்புக்குள் தைத்த நாடா

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு தையல்காரி கதை சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் அவரவர் சட்டையைத் திருப்பிப் பார்ப்பீர்கள்.

அவளும் அவள் நாத்தனாரும் வெளிநாடு கிளம்பினார்கள். நாத்தனாரின் மகளுக்கு அங்கே வேலை. நாத்தனார் பெட்டி அடுக்கிய நேரத்தில், தையல்காரி பயண அலுவலகப் பெண்ணிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாட்டில் ஆம்புலன்சைக் கூப்பிடும் எண், மகளின் விலாசம், நாத்தனாருக்கு ஒத்துக்கொள்ளாத ஊசிமருந்தின் நீளப் பெயர், எல்லாவற்றையும் அந்த ஊர் எழுத்திலேயே எழுதி வாங்கினாள். அதைப் பார்த்து வெள்ளை நாடாவில் அழியாத மையால் எழுதி, இருவர் சட்டைகளின் பின்கழுத்திலும் தைத்தாள்; மருந்தின் பெயர் மட்டும் நாத்தனாரின் நாடாக்களில்.

"என்ன அண்ணி, நான் என்ன பார்சலா? விலாசம் ஒட்டி அனுப்புறீங்க."

"பார்சல்னா வாயை மூடிட்டு இருக்கும். உன்னை எப்படி அதுல சேர்க்கிறது?"

போய்ச் சேர்ந்த மறுநாளே, கழுத்தில் உறுத்துகிறது என்று நாத்தனார் தன் நாடாக்களை வெட்டிப் போட்டுவிட்டாள்.

நான்காம் நாள் காலை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்த நாத்தனார், "அண்ணி, நெஞ்சை அடைக்குது" என்று சுவரோரம் சரிந்தாள். முகமெல்லாம் வேர்வை.

தையல்காரி போனை எடுத்தாள். பதற்றத்தில் விரல் நம் ஊர் எண்ணைத்தான் அழுத்தியது. பதில் இல்லை. சரியான எண் எங்கே இருக்கிறது? அவள் பின்கழுத்தில். எத்தனை அளவு எடுத்தவள், தன் பிடரியைத் தானே பார்க்க முடியாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை பாருங்கள்.

ஆனாலும் அழுதுகொண்டு நிற்கவில்லை அவள். எதிரே தெரு கூட்டிக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்து இழுத்து, போனைக் கொடுத்து, காலரைப் புரட்டித் தலையைக் குனிந்தாள். அவர் படித்தார். எண்ணை அழுத்தினார். மூலைச் சுவரில் இருந்த தெருப்பெயரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது.

வண்டியில் வந்த செவிலி ஊசியை நிரப்பினாள். தையல்காரிக்கு மருந்தின் பெயர் வாயில் வரவில்லை. செவிலியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நாத்தனாரின் கோட்டுக் கைமடிப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே மருந்தின் பெயர் எழுதிய இன்னொரு நாடா. நாத்தனார் வெட்டிப்போட்ட அன்றே, அவள் தூங்கியதும் தைத்தது. செவிலி அதைப் படித்தாள், கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள், வேறு மருந்தை எடுத்தாள்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் அவள். அந்தத் தெருவில் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள். எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். கோட்டுக் கையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல கோட்டைக் கடிச்சு வச்சிருக்கீங்களே அண்ணி."

"தைச்சுத் தரேன், கொண்டா."

"நாடாவையும் உள்ள வச்சே தைங்க. அப்படியே உங்க சட்டையிலயும் கைமடிப்புக்கு மாத்துங்க. ஆள் ஆளுக்குத் தலை குனிஞ்சு காட்டிட்டு இருக்க முடியாது."

தையல்காரி ஊசியில் நூல் கோத்தாள். நாடாவை உள்ளே வைத்து முதல் தையலைப் போட்டாள்.

உங்கள் வீட்டிலிருந்து தூரதேசம் போகிற ஒவ்வொருவரும், போன கால் நோகாமல் திரும்பி வரட்டும். கேட்ட உதவி கேட்ட இடத்தில் கிடைக்கட்டும். உங்கள் வாசல் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.