இரண்டாவது வேலாயி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஷாமிலா மூன்றாவது தடவையாகத் தொலைபேசியில் முறைப்பாடு சொன்னபோது, நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டது இதைத்தான். தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் நோயாளர் பதிவு அவள் பொறுப்பு. அதற்கான மென்பொருள் என் கைவேலை.

"சேர், ஒங்க புரோகிராம் ஆள மாத்துது."

"மௌஸ ஒழுங்கா புடிங்க மிஸ்."

"நான் இருந்தா கவனிச்சுக்குவேன். அடுத்த கிழமை லீவுல போறேன். புதுசா வர்றவங்களுக்கு வேலாயிய தெரியாது. பெனிசிலின் ஊசி போட்டுட்டா என்ன செய்றது?"

மறுநாளே ஹட்டனிலிருந்து பஸ் ஏறினேன்.

காலில் புண்ணோடு வேலாயி வாசலில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பெனிசிலின் அவருக்கு ஆகவே ஆகாது. திரையின் பெயர்ப் பட்டியலில் இரண்டு வேலாயிகள், இவர் இரண்டாவது. ஷாமிலா மௌஸால் சரியாக இரண்டாவது பெயரைத்தான் தொட்டாள். பட்டியல் மூடியது. திரையில் முதலாவது வேலாயியின் விபரம் வந்தது: ஒவ்வாமை இல்லை. நானும் செய்து பார்த்தேன், அதே கதைதான்.

அவள் ஒரு அப்பியாசக் கொப்பியை நீட்டினாள். நாற்பது முறை சோதித்து எழுதியிருந்தாள்.

"ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தா மட்டுந்தான் சேர் இப்புடி. எப்பவும் மேல உள்ள ஆளுக்கே போகுது. மூடுற நேரம் பேர மறுபடி தேடி, மொதல்ல கெடச்சத புடிச்சுக்குது போல."

அதுவேதான் கோளாறு. நிரலில் ஒரு வரிகூடப் பார்க்காமல் கண்டுபிடித்துவிட்டாள்! இந்த மூளைக்கா நான் மௌஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன்? வெட்கமாகவும் இருந்தது, எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது.

"பேரு தெரிவு செய்ற அந்தப் பட்டியல் பெட்டி நான் செஞ்சது இல்ல மிஸ், ரெடிமேட்டா வர்றது," என்று இழுத்தேன்.

"அது சரி. ஆனா இங்க வெறும் பேர சொல்லி யாரு கூப்புடுறாங்க? மேட்டு லயத்து வேலாயி, பணிய லயத்து வேலாயி. லயத்த ஏன் சேர் போடாம விட்டீங்க?"

விடவில்லை, மறைத்தேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைச் சொல்லும் லயம் என்ற சொல் திரையில் தெரிவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன். ஊர் கேட்பவர்களிடம் ஹட்டன் டவுன் என்று சொல்லியே பழகியவன் நான்.

அரைமணி நேரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் லயத்தைச் சேர்த்தேன். ஷாமிலா 'வேலாயி, பணிய லயம்' என்பதைத் தொட்டாள். பட்டியல் மூடியது. 'பெனிசிலின் கூடாது' என்று சிவப்பில் வந்தது. வாங்கிலிருந்த வேலாயியை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவளுக்கு அதுவும் போதவில்லை.

"இன்னொரு பேருலயும் பாத்துருவோம். இங்க ஒங்க பேருலயே ஒரு நிரோஷன் இருக்காரு, மேட்டு லயம். ஒங்களையும் போடவா?" விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீங்க எந்த லயம் சேர்?"

நான் லயத்துப் பிள்ளை என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

"பணிய லயம்," என்றேன்.

தட்டினாள். தொட்டாள். பட்டியல் மூடியது. என் பெயர் மாறாமல் நின்றது.