வேணி ஏறிய வண்டிகள்

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேணி ஏறிய எந்த வண்டியும் அரியலூரை விட்டுப் போகவில்லை. வண்டிகளில் கோளாறு ஏதுமில்லை. சக்கரம் சுற்றியது, பெட்ரோல் குறைந்தது, கிலோமீட்டர் காட்டும் எண் ஏறியது. அவளுடைய அண்ணன் பூவரசனின் கார் காலையில் லாட்ஜ் வாசலிலிருந்து கிளம்பி, கடைவீதியைத் தாண்டி, செந்துறை ரோட்டில் புளியமரங்களைக் கடந்து, முதல் வளைவில் திரும்பியது. எதிரே அதே லாட்ஜ் நின்றது. மாடிக் கம்பியில் அவள் துவைத்துப் போட்டிருந்த துப்பட்டா இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று அவளுக்கு ஓய்வு நாள். வேணியும், அவளோடு கல்லூரியில் படித்த அம்பிகாவும் வினோதினியும் பூம்புகார் கடலில் காலை நனைத்துவிட்டு மேற்கே நடக்கத் தொடங்கியவர்கள். பெரம்பலூருக்கு அப்பால் உள்ள பச்சைமலையில் ஏறி முடிப்பதாகத் திட்டம். தை மாதம் என்பதால் சாலைகளில் பாதயாத்திரைக்காரர்கள் நிறைய இருந்தார்கள், இவர்களையும் ஊர்கள் அந்தக் கணக்கிலேயே சேர்த்தன. கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்காரர் மோர் கொடுத்துவிட்டு எந்தக் கோயில் என்று கேட்டார். ஜெயங்கொண்டத்தில் ஒரு பெண் மூவரின் காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தன் மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாள். கோயிலுக்கு இல்லை, சும்மா நடக்கிறோம் என்று வினோதினி எல்லோரிடமும் சொன்னாள். யாரும் நம்பவில்லை. வெளியே சொல்லக்கூடாத வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார்கள். அரியலூர் வந்து சேர்ந்தபோது மூவரின் குதிகாலிலும் கொப்புளம். அம்பிகா ஒரு நாள் ஓய்வு அறிவித்தாள். துணி துவைப்பது, போனுக்குச் சார்ஜ் போடுவது, வயிறு முட்டச் சாப்பிடுவது, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நடப்பது மட்டும் கூடாது. லாட்ஜ் மேனேஜர் நல்லதம்பி பிளாஸ்டிக் பக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவரும் எந்தக் கோயில் என்று கேட்டார்.

வேணியின் வீடு செந்துறையில். அதிகம் பேசமாட்டாள். பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் அவளை ஏதாவது ஒரு வண்டியில் ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கு அப்பாவின் சைக்கிள், கல்லூரிக்குக் கல்லூரிப் பஸ். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த மறுவாரம், ராசாங்கம் மாமா ரெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் பேசி வைத்த வேலை, அதற்கு வாசலுக்கே வரும் வேன். வேனில் அவளுக்கு ஜன்னலோர இடம். நான்கு வருஷம் சுண்ணாம்புக்கல் பொடியை எடை போட்டாள். இந்த நடைக்கு லீவு கேட்டாள், கொடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டாள். அதை வீட்டுக்கு மயிலாடுதுறையிலிருந்து போனில் சொன்னாள். இரண்டு நாளில் கால் வலித்துத் திரும்பிவிடுவாள் என்று வீட்டில் காத்திருந்தார்கள். உடையார்பாளையத்தில் ஒரு சொந்தக்காரர் அவளைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் பூவரசன் காரை எடுத்தான். ராசாங்கம் மாமா முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். வேலைக்கு இன்னும் வேறு ஆள் போடவில்லை, இன்றைக்கே கூட்டிவந்தால் நாளைக் காலை வேனில் ஏற்றிவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பூவரசன் கத்தவில்லை. மாடியேறி வந்து, பக்கெட்டில் கால் வைத்திருந்த தங்கையைப் பார்த்தான். "பஸ்ஸுக்குக் காசில்லாம நடக்க வுட்டுட்டான்னு பேசுறானுங்க புள்ள. பொம்பளைங்களுக்குப் பஸ்ஸே ஓசி. அதுகூடத் தெரியாத வூடான்னு கேக்குறானுங்க. வா, ஏறு" என்றான்.

வேணி துண்டில் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அம்பிகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுடி" என்றாள். வேணி செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்ப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். ஏறச் சொன்னால் ஏறுவது அவளுக்கு மூச்சு விடுவதைப் போலப் பழகியிருந்தது. கார் கிளம்பியது, கொஞ்ச நேரத்தில் லாட்ஜுக்கு எதிரே வந்து நின்றது.

வழி தவறிவிட்டது என்று மாமா சொன்னார். அந்த ரோட்டில் தவறுவதற்கு வழியே இல்லை என்றாலும், பூவரசன் மறுபடி கிளம்பினான். மறுபடி லாட்ஜ். ஜெயங்கொண்டம் ரோட்டில் போய்ச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். லாட்ஜின் பின்பக்கம் வந்தது. நல்லதம்பி அதற்குள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இயற்பியல் படித்த வினோதினி மட்டும் இதை முறையாகச் செய்து பார்க்க வேண்டும் என்றாள். வேணியை இறக்கிவிட்டு, அம்பிகாவும் வினோதினியும் ஏறிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். கார் ஊர் எல்லையைத் தாண்டியது, செந்துறை வழியில் தொழிற்சாலை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது, திரும்பி வந்தது. வேணியை வைத்துக்கொண்டு ஊருக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். கடைவீதி, பெட்ரோல் பங்க், ரயில்வே கேட் எல்லா இடமும் வந்தன. ஊரைத் தாண்டினால்தான் லாட்ஜ் வந்தது. நடந்தவர்கள் எல்லோருக்கும் இல்லை, வேணிக்கு மட்டும்தான், அதுவும் ஊர் எல்லையில் மட்டும்தான் என்று வினோதினி முடிவைச் சொன்னாள். காரணம் தெரியவில்லை என்பதையும் சொன்னாள்.

"இந்தக் காரு சரியில்ல. அரசாங்க பஸ்ஸு எப்படிப் போவாமப் போயிடுதுன்னு பாப்பம்" என்றார் மாமா.

செய்தி அவர்களுக்கு முன்பே பஸ் நிலையத்துக்குப் போயிருந்தது. செந்துறை போகும் பஸ்ஸில் கண்டக்டர் வேணிக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்து அழுத்தினார். "நாங்க ஓட்டிக்கிட்டுத்தானம்மா இருக்கோம்? அப்புறம் நீ பாட்டுக்கு நடந்து போனா என்னா அர்த்தம்?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே மனம் சங்கடப்பட்டிருந்தது. பஸ் விசிலோடு கிளம்பியது, முதல் வளைவில் திரும்பியது, அதே பஸ் நிலையத்துக்குள் நுழைந்தது. இறங்க வேண்டியவர்கள் படியில் வந்து நின்றுவிட்டு, வெளியே பார்த்துத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். இரண்டாவது முறையும் அப்படியே ஆனபோது, மடியில் புண்ணாக்கு மூட்டையோடு இருந்த கொளஞ்சியம்மாள் பொறுக்கவில்லை.

"அடியே, நீதானா அது? எறங்கு தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போவும். வூட்டுல மாடு கத்திக்கிட்டுக் கெடக்கு."

வேணி இறங்கினாள். பஸ் போய்விட்டது. வழக்கமான நேரத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே செந்துறை சேர்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

கடைசியாக ரயில். விருத்தாசலம் போகும் பாசஞ்சர் செந்துறையில் நிற்கும். தண்டவாளம் வளையாது, வேறு பக்கம் போக முடியாது என்பது மாமாவின் கணக்கு. பூவரசனும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வேணியை நடுவில் வைத்துக்கொண்டார்கள். அம்பிகாவும் வினோதினியும் எதிர் இருக்கையில். ரயில் கிளம்பி வேகம் எடுத்தது. சுண்ணாம்புக்கல் குழிகள் போயின, சோளக்காடு போனது, ஒரு பாலம் தடதடத்தது. அடுத்து வந்த நிலையத்தின் மஞ்சள் பலகையில் அரியலூர் என்று எழுதியிருந்தது. ஏறும்போது பிளாட்பாரத்தில் வெள்ளரிக்காய் விற்றவர் அதே இடத்தில் விற்றுக்கொண்டிருந்தார். ரயில் முழுவதும் எட்டிப் பார்த்தது. ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துவதாக ஒலிபெருக்கி மூன்று மொழிகளிலும் சொன்னது. வேணி தானாகவே எழுந்து இறங்கினாள், மற்ற நால்வரும் பின்னால் இறங்கினார்கள். ரயில் அதன் வழியில் போனது.

நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பூவரசன் வெளியே நின்ற காரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டான். பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டான்.

"வண்டிதான போவல? ஒங்காலு போவுதுல்ல? கடலுலேருந்து இவ்வளவு தூரம் வந்துச்சுல்ல? நட. செந்துறைக்கு நடந்தே போவோம். நானும் கூட வாரேன்."

மாமாவின் முகம் தெளிந்தது. அம்பிகா வினோதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் சொன்னது சரி என்று எல்லோருக்கும் புரிந்தது. வேணியின் கால்கள் இதுவரை போன இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன, செந்துறைக்கும் போய்ச் சேரும். காலையிலிருந்து காரும் பஸ்ஸும் ரயிலும் அவளுக்காக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தன. இனி அவளுக்காகச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. இன்று சாயங்காலம் வீடு, நாளைக் காலை வாசலில் வேன்.

வேணியின் காதுமடல் சிவந்தது. கூட்டத்தில் பேசும்படி ஆனால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

"இன்னைக்கு லீவுண்ணே" என்றாள்.

"என்னாது?"

"இன்னைக்கு எங்களுக்கு ரெஸ்ட்டு. நான் எங்கயும் நடக்க மாட்டேன்."

மாமா சிரித்துவிட்டார். "சரி பாப்பா, ரெஸ்ட்டு எடு. நாளைக்கி நட."

"நாளைக்குப் பெரம்பலூரு."

"அதுக்கு அடுத்த நாளு?"

"மல."

"ஒன்ன யாரும்மா மலைக்கிப் போவச் சொன்னது? சாமி கேட்டுச்சா?"

"யாரும் சொல்லல மாமா. அதான் போறேன்." அவள் இன்னும் முடிக்கவில்லை. "வேனு வந்தா திருப்பி அனுப்பிடுங்க. அண்ணே, அதுக்கப்புறம் நான் எங்க போவணும்னாலும் எங்கிட்டக் கேளு. கேக்காம ஏத்தாத."

இருபத்தாறு வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசிப் பூவரசன் கேட்டதில்லை. வேணி திரும்பி, அந்தப் பக்கம் வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். ஓய்வு நாளில் நடக்கக்கூடாது. மூவரும் ஏறிக்கொண்டார்கள். ஆட்டோ ஊருக்குள்தான் போனது, அதனால் ஒழுங்காக லாட்ஜ் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வெயில் தாழும்வரை தூங்கினார்கள்.

மறுநாள் விடிந்ததும் பெரம்பலூர் ரோட்டில் நடந்தார்கள். அதற்கடுத்து மலையடிவாரம், அதற்கடுத்து மலை. மேலே காற்று அதிகம், வேறு விசேஷம் ஒன்றுமில்லை. அம்பிகாவும் வினோதினியும் பஸ் ஏறி அவரவர் ஊருக்குப் போனார்கள். வேணி பெரம்பலூர் வரைக்கும் திரும்பி நடந்து வந்து, அங்கே தண்ணீர் பரிசோதனை செய்யும் ஒரு கூடத்தில் தானே போய் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். பூவரசன் ஆடி மாதம் வரை அவளோடு பேசவில்லை, பிறகு பேசினான். ராசாங்கம் மாமா அந்த ஆய்வக வேலைக்குத் தன் மச்சான் மகனை ஏற்றிவிட்டார். இப்போதும் வண்டிகள் வேணியை ஊர் தாண்டிக் கொண்டுபோகாதா என்பது யாருக்கும் தெரியாது. அவள் ஏறிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வர வேண்டும் என்று தோன்றும்போது நடந்து வருகிறாள், தோன்றும்போது திரும்புகிறாள். ரோட்டோரத்தில் அவளைப் பார்த்தால் பஸ் டிரைவர்கள் நிறுத்துவதில்லை. புழுதி படாமல் இருக்க வேகத்தை மட்டும் குறைக்கிறார்கள்.

போன வருஷம் பூவரசன் தன் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தான். முதலில் வேணிக்குப் போன் செய்து வர முடியுமா என்று கேட்டான். வருகிறேன் என்றாள். பிறகு ஜோசியரிடம் போனான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள் என்றார் அவர். தங்கச்சி நடந்து வர வேண்டும், நாள் போதாது என்றான் பூவரசன். ஜோசியர் எங்கிருந்து என்று மட்டும் கேட்டார். பெரம்பலூரிலிருந்து என்றதும், பஞ்சாங்கத்தில் விரலை நகர்த்தி, அதற்கடுத்த புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.