ஓரடி முன்னால்

மிக்கியோன் வீட்டில் எலி, வெளியில் புலி. ஏதென்ஸ் சந்தையில் அவன் கருவாடு கூவி விற்றால் துறைமுகம்வரை கேட்கும். அந்தத் தொண்டைக்காகத்தான் கவிஞர் சோசிப்போஸ் தன் புது நாடகத்தில் கூடிப் பாடி ஆடுகிற கோரஸ் குழுவுக்கு அவனைத் தலைவனாக்கினார். அவனுக்குப் பின்னால் பதினான்கு பேர். எல்லாரும் வெள்ளைத்தாடி முகமூடி மாட்டிய ஊர்ப் பெரியவர்கள். தலைவன் கால் போகிற பக்கம் அத்தனை கால்களும் போகும்.

நாடகத்தில் ராஜா போருக்குப் போய்விட, ராணி அரியணையில் உட்கார்ந்துவிடுகிறாள். பெரியவர்களுக்குப் பொறுக்குமா? "பெண்ணே, உள்ளே போ! ஆள்வது எங்கள் வேலை!" என்று மிக்கியோன் முழங்கி, ஓரடி முன்னால் வைக்க வேண்டும். முழக்கத்தில் குறையே இல்லை. ஆனால் ராணி திரும்பிப் பார்த்ததும் கால் தானாகப் பின்னால் போய்விடும். பதினான்கு பேரும் கூடவே போவார்கள்.

இத்தனைக்கும் ராணியாக நடிக்கிறவன் தெக்சியோன். மத்தியானம் மிக்கியோனோடு ஒரே தட்டில் ஆலிவ் தின்கிற ஆள்.

கடைசி ஒத்திகையிலும் இதே கூத்துதான்.

"யோவ், உள்ளே இருக்கறது தெக்சியோன்யா! ஒரு முகமூடிக்குப் போய்ப் பயப்படுறியே!" கவிஞர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் எங்க ஐயா பயந்தேன்? கால்தான் பழக்கதோஷத்துல போகுது."

"எங்க காலும் அப்படித்தான்," என்று பின்வரிசை சிரித்தது. எல்லாரும் கல்யாணமானவர்கள்.

"நாளன்னைக்கு விழாவுல பின்வாங்கினே, இனி கருவாடுதான் உனக்கு. கோரஸ் பக்கமே வராதே!"

இனி மிக்கியோன் எந்த முகத்தோடு சந்தைக்குப் போவான்? தலைவன், தலைவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் ஆயிற்றே.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் மனைவி ஆர்க்கிப்பே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளிடமே சொல்லிப் பார்த்தான். "பெண்ணே, உள்ளே போ!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முதுகு கிணற்றுச் சுவரில் இடித்தது.

ஆர்க்கிப்பே விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த லட்சணத்துல ராணியை விரட்டப் போறியாக்கும்! வா, மறுபடி சொல்லு. கண்ணைப் பாக்காதே, மூக்கைப் பாரு."

மறுநாள் முழுக்க அதே பயிற்சி. ஒருவழியாகக் கால் முன்னால் வந்தது. அவளே கைதட்டினாள்.

விழா நாள். மலைச்சரிவு முழுக்க ஜனம். குழல் ஊத, ராணி வாசலில் வந்து நின்றாள். மிக்கியோன் மூக்கைப் பார்த்தான், முழங்கினான், ஓரடி முன்னால் வைத்தான். வைத்தேவிட்டான்! சந்தோஷம் தாங்காமல் இன்னோரடியும் வைத்தான்.

பின்னால் பதினான்கு பேரும், ஒத்திகையில் ஊறிப்போன வழக்கப்படி, ஒரே தாளத்தில் பின்வாங்கினார்கள்.

திரும்பினால் ஆளைக் காணோம். அவ்வளவு பெரிய வட்ட ஆடுகளத்தில் அவனும் ராணியும் மட்டும். தெக்சியோன் கெட்டிக்காரன். வாயே திறக்காமல் ஓரடி எடுத்து வைத்தான். மிக்கியோனுக்கு மூக்கு மறந்துபோயிற்று, கண்ணைப் பார்த்துவிட்டான். எடுத்தான் பாருங்கள் ஓட்டம், நேரே பதினான்கு பேருக்கும் பின்னால்!

ஜனம் குலுங்கிச் சிரித்தது. பிறகு ராணி தன்னந்தனியாக அரியணைக்கு நடந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. முதல் பரிசு அவர்களுக்கே.

"ஆம்பளை வீரம் எத்தனை அடின்னு காட்டத்தான் அப்படி அமைச்சேன்," என்று கவிஞர் கூசாமல் எல்லாரிடமும் சொன்னார். "அடுத்த வருஷமும் நீதான்யா தலைவன்!"

மாலையும் கழுத்துமாக மிக்கியோன் வீடு வந்தான். ஆர்க்கிப்பே மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"முன்னால போனியா?"

"ரெண்டடி!" மீதியை அவன் சொல்லவில்லை.

"அடேயப்பா! எங்கே, என்கிட்டயும் சொல்லு பாப்போம்."

வெற்றி மயக்கம் யாரை விட்டது? மார்பை நிமிர்த்தினான். "பெண்ணே, உள்ளே போ! ஆள்வது எங்கள் வேலை!" ஓரடி முன்னாலும் வைத்தான்.

"சரி," என்று ஆர்க்கிப்பே கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

முற்றத்தில் பாதி பிசைந்த மாவு, புகைகிற அடுப்பு, கறக்காத ஆடு. ஆடு மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தது.

மிக்கியோன் ஓரடி பின்னால் வைத்தான்.